சில்வர் வண்டியில் டச்சப் பெயிண்ட்: இரண்டு மழைக்காலம் கழித்து

செகண்ட் ஹேண்ட் வேகன்ஆர் வாங்கிய நண்பர் கேட்டார்: "கதவெல்லாம் கோடு கோடா இருக்கு. டச்சப் பாட்டில் (கோட்டில் மட்டும் வைக்கும் சின்ன பெயிண்ட் பாட்டில்) வாங்கி வீட்டிலேயே பண்ணிடலாமா?" வெள்ளை வண்டி என்றால் "தாராளமா" என்று முடித்திருக்கலாம். அவருடையதும் என் வண்டியைப் போலவே சில்க்கி சில்வர், அதே Z2S என்ற நிறக் குறியீடு. இரண்டு வருடம் முன்பு நானும் இதே பாட்டிலைப் போட்டுப் பார்த்தவன். அதனால்தான் இத்தனை நீளம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கோடுகளுக்கு டச்சப்பே வேண்டாம். வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி, கோட்டின்மேல் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரத்தில் மறைந்துவிட்டால் அது கிளியர் கோட்டோடு, அதாவது நிறத்தின் மேலுள்ள நிறமில்லாத பூச்சோடு, நின்ற கோடு. குறுக்கே இழுத்தால் நகமும் தட்டாது. இதற்கு ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்த்து மெருகேற்றும் பசை போதும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு சாண் சதுரத்துக்கு மேல் போகாமல், மிதமான அழுத்தத்தில் முப்பது நாற்பது தேய்ப்பு. துடைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கோடு, வேலிச்செடி உரசிய கோடு, மண் ஒட்டிய வண்டிக் கவர் இழுத்த கோடு எல்லாம் இதிலேயே போய்விடும். இப்படிப் போன கோடு இரண்டு வருடமாகியும் திரும்பவில்லை. காம்பவுண்ட் பற்றி ஒரு குறையும் இல்லை.

ஆனால் கிளியர் கோட் என்பது சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கதவு விளிம்பிலும் பாடி லைன் மேட்டிலும் அதைவிடக் குறைவு. அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள், கிளியர் போய்விட்டது. பழைய வண்டியில் இன்னொரு சிக்கல், முன்பு யாரோ அடித்த பெயிண்ட். கதவின் உள்மடிப்பில், கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த துணியை லேசாக ஒற்றிப் பாருங்கள். நிறம் கரைந்து வந்தால் அது கம்பெனி பெயிண்ட் இல்லை. அந்தப் பேனலில் தின்னர் கலந்த எதையும் வைக்காதீர்கள்.

நகம் தட்டும் ஆழக்கோட்டுக்குத்தான் பாட்டில். துரு இருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சின்னதாக மடித்து, கோட்டுக்குள் மட்டும் இரும்பு வெளுக்கும்வரை தேயுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வாக்ஸோ டேஷ்போர்ட் பாலிஷின் சிலிக்கானோ ஒட்டியிருந்தால் பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகிக்கொள்ளும். வெறும் இரும்பில் பல்குச்சி முனையால் பிரைமர் என்ற அடிப்பூச்சு. பம்பர் என்றால் பிளாஸ்டிக் பிரைமர். அடுத்து நிறம், அதன்மேல் கிளியர்.

இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது. சில்வருக்கு மினுக்கம் தருவது நுண்ணிய அலுமினியச் செதில்கள். ஸ்ப்ரேயில் அடித்த மெல்லிய படலம் காயும்போது அவை தட்டையாகப் படுத்துக்கொள்ளும். மூடியோடு வரும் தடித்த பிரஷ்ஷால் வைத்த சொட்டிலோ கண்ட கோணத்தில் நின்றுவிடும். அதனால் அதே இடம் நேராகப் பார்த்தால் கருப்பாகவும், பக்கவாட்டில் பார்த்தால் வெளுப்பாகவும் தெரிகிறது. நிறக் குறியீடு சரியாக இருந்தும் இந்த நிலைதான். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலச் சாய்வெயில் கதவில் விழட்டும், ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். இரண்டு வருடமாக இதே கதை. பெட்டியில் "துல்லியமான பொருத்தம்" என்று அச்சடிப்பவர்கள், மெட்டாலிக் நிறத்துக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

குறைக்க வழி உண்டு, முற்றிலும் போக்க வழியில்லை. பாட்டிலை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்குங்கள். செதில் அடியில் படிந்திருக்கும். கூடவே வரும் பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு 000 நம்பர் ஓவியப் பிரஷ் எடுங்கள். ஒரே சொட்டில் பள்ளத்தை நிரப்பாமல், இருபது முப்பது நிமிட இடைவெளியில் நான்கைந்து மெல்லிய கோட். ஒரே சொட்டாக வைத்தால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும்; சில வாரத்தில் சுருங்கி மறுபடி பள்ளமாகும். நிறப் பூச்சை ஒருபோதும் வாட்டர் பேப்பரால் தேய்க்காதீர்கள். செதில்கள் அறுபட்டு அந்த இடம் ஈயம் பூசியது போலச் செத்துவிடும். தேய்ப்பதெல்லாம் கிளியரின் மேல்தான்.

கிளியரைச் சுற்றுப் பரப்பைவிடச் சற்று மேடாக வைத்து, குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். 2000 நம்பர் பேப்பரை ஷாம்பு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அழிரப்பர் துண்டில் சுற்றி, மேடு மட்டம் ஆகும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு 3000, பிறகு காம்பவுண்ட். வாக்ஸ் ஒரு மாதம் கழித்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளியர் வைக்கவே வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படிந்து பால் நிறத்தில் மங்கும். ஹார்டனர் (பெயிண்டை இறுக்கிக் கெட்டியாக்கும் கலவை) இல்லாத இந்தக் கிளியர் பெட்ரோலிலும் இளகும், ஆகவே டேங்க் மூடிப் பக்கம் போட்டால் நிலைக்காது.

நியாயமாகப் பார்த்தால் பாட்டில் தன் முக்கிய வேலையைச் செய்தது. இரும்பு தெரிந்த கோடுகளில் இரண்டு மழை தாண்டியும் துரு எட்டிப் பார்க்கவில்லை. கடற்கரை ஊரில் இது சின்ன விஷயமில்லை. திறந்து கிடக்கும் இரும்பு சில நாளிலேயே பழுப்பாகிவிடும். கதவின் கீழ்விளிம்பிலும் பானெட் முனையின் கல்லடிப் புள்ளிகளிலும் போட்டது கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில் இதுதான்: சில்வர் வண்டியின் கதவு நடுவில் ஆழக்கோடு என்றால் இதை வாங்காதீர்கள். பெயிண்டரிடம் கொடுத்து முழுப் பேனலை ஸ்ப்ரே அடியுங்கள். அந்த ஒட்டை தினமும் பார்ப்பதற்கு அந்தச் செலவு மேல்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கல்லடிப் புள்ளிகளுக்காக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் பாட்டில் கழுத்தைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்காவிட்டால் அடுத்த முறை மூடி கழலாது. இடுக்கி போட்டால் கழுத்தே உடையும்.