உப்புவெளிக் கரைவலையை எப்படி வரைவது? காட்சியமைப்புகள் ஓர் ஒப்பீடு

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புவெளியில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வள்ளம் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். வலையை வளைவாக இறக்கிக்கொண்டே சுற்றி வந்து, மறு நுனியோடு சற்றுத் தள்ளிக் கரையேறும். அதற்கப்புறம் இரண்டு அணிகள். குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். நேரம் போகப் போக இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி, அதாவது மீன் சேரும் வலையின் பை, கரைக்கு வரும்.

இந்த ஒரே காட்சியைப் பல வருடங்களாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஆட்கள் மாறுவார்கள், வெளிச்சம் மாறும், கடலின் நிறம் மாறும். வேலை மட்டும் அதேதான். அதனால் காட்சியமைப்பு, அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது என்பதன் வகைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இது எனக்குக் கைவந்த அளவுகோலாகிவிட்டது.

எல்லா வகைகளையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன். கண் முதலில் எங்கே விழுகிறது, அங்கிருந்து அடுத்ததாக எங்கே போகிறது? கேள்வியின் முதற்பாதியை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம்.

மூன்றிலொன்று விதி

இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். போன் கமராவைத் திறந்தாலே இரண்டு கிடைக்கோடுகளும் இரண்டு நிலைக்கோடுகளும் வந்து நிற்கின்றன. அவை வெட்டும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் ஆளை வை, அடிவானத்தை நடுவில் போடாதே என்பது பாடம். இந்தப் பெயரை 1797 இல் தன் நூலில் எழுதிவைத்தவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். நிலமும் நீரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு, வானம் இரண்டு பங்கு என்ற மாதிரி சமமில்லாமல் பிரித்தால் படம் இதமாக இருக்கும் என்பது அவருடைய வாதம்.

சிலர் இதைவிடப் பொன் விகிதம்தான் உயர்ந்தது என்பார்கள், பெரிய பங்கு சிறிய பங்கைப்போல் 1.618 மடங்கு. ஓர் ஏ3 தாளைக் கிடையாக வைத்து இரண்டு முறையிலும் கோடு போட்டுப் பாருங்கள். ஒன்று விளிம்பிலிருந்து 14 சென்ரிமீற்றரில் விழும், மற்றது 16 இல் விழும். இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசத்துக்காகச் சண்டை பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கரிக்கோட்டின் தடிப்பிலும் ஒரு நிழலின் கனத்திலும் அது கரைந்துபோய்விடும்.

இந்த விதியில் நான் காணும் குறை வேறு. பொருளை எங்கே வைப்பது என்று அது சொல்லும். வைத்த பிறகு கண் என்ன செய்யும் என்று சொல்லாது. ஒருமுறை இழுக்கிற ஒருவரை வலதுபக்கப் புள்ளியில் அழகாக வைத்து, அடிவானத்தைக் கீழ்க்கோட்டுக்கு மேல் சரியாகப் படுக்கவைத்து ஒரு படம் வரைந்தேன். அளவில் ஒரு பிழையும் இல்லை. பின்னால் வந்து நின்று பார்த்த சம்மாட்டி ஐயா, வலையின் சொந்தக்காரர், கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இவர் எதை இழுக்கிறார்?"

கயிற்றை நான் வரைந்துதான் இருந்தேன். ஆனால் அது தாளின் விளிம்பில் சட்டென்று முடிந்துபோனது. அவருடைய கண்ணுக்குப் போக ஓர் இடம் இருக்கவில்லை. மூன்றிலொன்று விதி நிற்கிற பொருளுக்கு நல்லது. டச் பே என்ற குடாவில் கட்டிக்கிடக்கும் ஒற்றை வள்ளம், மணலில் குந்தி வலை பொத்துகிறவர், புறாத்தீவின் தூரத்து உருவம் எல்லாம் அந்த நான்கு புள்ளிகளில் நன்றாகவே இருக்கும்.

சாய்கோடு

கரைவலைக்கு இதுதான் என் முதல் தெரிவு. கிடைக்கோடு ஓய்வு, நிலைக்கோடு நிமிர்வு என்றால் சாய்கோடு விழப்போகிற ஒன்று. விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு யாரோ பலம் கொடுக்கிறார்கள் என்ற உணர்வு பார்க்கிறவரின் உடம்பிலேயே வரும். இழுக்கிறவரின் உடம்பு ஒரு சாய்கோடு. கயிறு அதற்கு எதிர்ப்பக்கம் போகும் இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கைகள். இத்தனையும் கடற்கரை தானாகத் தருவது, நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதற்கு மேற்கில் பெரிய உதாரணம் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் தெப்பம்'. 1816 இல் உடைந்த பிரெஞ்சுக் கப்பலில் இருந்து தப்பியவர்களை 1818, 1819 இல் வரைந்தார். ஏறத்தாழ 5 மீற்றர் உயரம், 7 மீற்றர் அகலம். இடது கீழ்மூலையில் பிணங்கள் கிடக்கின்றன. அங்கிருந்து சாய்ந்தவர்கள், எழும்புகிறவர்கள், கை நீட்டுகிறவர்கள் என்று மனித உடம்புகளே ஏணியாகி, வலது மேற்பக்கத்தில் துணியை வீசுகிறவரிடம் போய் முடிகின்றன. அவர் வீசுவது அடிவானத்தில் பொட்டுப்போல் தெரியும் ஒரு கப்பலை நோக்கி. கண் முதலில் சாவில் விழுந்து, ஏறி ஏறி, நம்பிக்கையில் போய் நிற்கிறது. இரண்டாவது பாதிக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கண்டதில்லை.

உப்புவெளியில் சாய்கோட்டைத் தெரிவுசெய்தால் உடனே இன்னொரு தெரிவும் வந்துவிடும். எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது? நிலாவெளிப் பக்கம், அதாவது வடக்குப் பார்த்து இருந்தால் கடல் வலதுகையில், ஆட்கள் இடதுகையில். தமிழை இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய நமக்குப் படமும் அப்படியே ஓடும்: முதலில் மனிதர், பிறகு கயிறு, பிறகு கடல். படம் வெளியே திறந்து போகிறது. தெற்குப் பார்த்து இருந்தால் எல்லாம் மாறும். கடல் இடதுகையில் இருக்கும், கயிறு கடலுக்குள்ளிருந்து கிளம்பி வரும், கண் கடைசியில் இழுக்கிறவரின் தோளில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். பாரம் தெரியவேண்டும் என்றால் தெற்குத்தான். இரண்டையும் வரைந்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அதே ஆட்கள், அதே கயிறு. ஒன்றில் அவர்கள் கடலை விரட்டுகிற மாதிரி, மற்றதில் கடல் அவர்களை இழுக்கிற மாதிரி.

சாய்கோட்டின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். அதிகம் போட்டால் படம் முழுக்கச் சறுக்கும். ஆட்கள், கயிறு, அலை, தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் பார்க்கிறவர் தலையைச் சாய்த்துக்கொள்வாரே தவிர, பாரம் தெரியாது. சாயாமல் கிடக்கிற ஒன்று வேண்டும். எனக்கு அந்த வேலையை அடிவானம் செய்கிறது.

வளைவு

சாய்கோட்டுக்கு நேர்ப்போட்டி இதுதான். தெற்குப் பார்த்தால் கடற்கரை வலப்புறமாக நகரத்தை நோக்கிப் போய், மெல்ல இடப்பக்கம் திரும்பி, பிரெட்றிக் கோட்டையைத் தாண்டிக் கடலுக்குள் நீட்டி நிற்கும் சுவாமிமலைப் பாறையில் முடியும். கண் அந்த விளிம்பில் நடந்துபோவது போல நிதானமாகப் போய்ச் சேரும். வலையின் மிதவைகளும் கடலில் இன்னொரு வளைவு போடுகின்றன. ஆங்கிலேய ஓவியர் ஹோகார்த் 1753 இல் பாம்புபோல நெளியும் கோட்டையே அழகின் கோடு என்று வாதாடினார். கடற்கரை ஊர்க்காரருக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வளைவில் கண் தன்பாட்டில் போகும், அவசரம் இராது. சுற்றுலா அட்டைக்கும் புத்தக அட்டைக்கும் இது நன்றாகப் பொருந்தும். உழைப்புக்கு? எனக்குச் சந்தேகம்தான். வளைவில் வைத்து வரைந்த என் கரைவலைப் படங்களில் ஆட்கள் அழகாகிவிடுகிறார்கள், களைப்பு தெரிவதில்லை. விதிவிலக்கு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் செய்த பேரலை அச்சுப்படம். அதில் வளைவுதான் பயமுறுத்துகிறது. மூன்று படகுகளில் துடுப்புப் போடுகிறவர்கள் குனிந்து ஒட்டிக்கிடக்கிறார்கள், அலை அவர்களுக்கு மேல் விரல் விரித்து நிற்கிறது, அந்தப் பள்ளத்துக்குள் ஃபூஜி மலை சின்னதாக. வளைவு முடிந்துபோகாமல் உடையப்போகிற நொடியில் நிறுத்தியதுதான் அதன் பலம். வாடைக்காலத்துக் கடலை வரைய வேண்டி வந்தால் நான் அங்கேதான் போவேன்.

முக்கோணமும் நடு அச்சும்

இரண்டுமே உறுதியைத் தருபவை என்பதால் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு அணிகளையும் அடியாகவும் தூரத்து மடியை உச்சியாகவும் வைத்தால் கரைவலையே ஒரு முக்கோணம். ரபாயேல் வரைந்த மாதா படங்களில் தாயும் பிள்ளைகளும் அப்படித்தான் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். இந்த அசையாமைதான் இங்கே சிக்கல். முக்கோணத்தில் வைத்தவுடன் இழுவை நின்றுபோய் எல்லோரும் படத்துக்கு நிற்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். மடி கரைக்கு வந்து, எல்லோரும் குனிந்து மீனைப் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் இதைப் பாவிப்பேன். அப்போது வேலை உண்மையாகவே நின்றிருக்கும்.

நடு அச்சைப் பற்றி, அதாவது இடமும் வலமும் சரிசமமாக நிற்பதைப் பற்றி, அண்மைக்காலமாக ஒரு இளக்காரம் இருக்கிறது. 'நடுவில் வைக்காதே' என்று பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காளி கோயில் கோபுரத்தின் முன்னால் நின்று பாருங்கள். கோணேசர் கோயிலில் திரை விலகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். தரிசனத்தில் கண் அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது, அங்கேயே நிற்கவேண்டும். தஞ்சாவூர் ஓவியங்களில் தெய்வம் நடுவில் நேர்முகமாக இருப்பது அதற்காகத்தான். அதைக் கொண்டுபோய் மூன்றிலொரு பங்கில் வைத்தால் சாமி யாரையோ பார்க்கும், நம்மைப் பார்க்காது.

மிலானில் லியொனார்டோ 1498 வாக்கில் முடித்த 'இறுதி இராப்போசனம்' நடு அச்சிலேயே அசைவும் தரமுடியும் என்று காட்டுகிறது. பன்னிருவர் மூவர் மூவராகக் கொந்தளிக்கிறார்கள், சுவர்களின் கோடுகள் எல்லாம் நடுவில் இருக்கும் இயேசுவின் தலையில் போய்ச் சந்திக்கின்றன. கண் சுற்றித் திரிந்தாலும் திரும்ப அங்கேயே வரும். 2009 இல் திறந்த 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்தில் நடுவாக நின்று வரைந்தால் இதே கோட்டுக்கூட்டம் கிடைக்கும். நடுவில் இருத்த ஆள்தான் இல்லை.

வெறுமை

சீன ஓவியர் மா யுவானுக்கு 'ஒரு மூலை மா' என்று பெயர். வரையவேண்டியதை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மீதியை வெறுமையாக விட்டுவிடுவார். அவருடையது என்று சொல்லப்படும் ஒரு படத்தில் படகும் தூண்டில்காரரும் சில நீர்க்கோடுகளும் மட்டும்தான். ஆனாலும் குளிர் தெரியும். நான் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதும் எனக்கு இன்னும் கைவராததும் இதுவே. நம் கடலில் வெளிச்சம் அதிகம், மணலில் காலடிகள் அதிகம், எதையாவது போட்டுவிடக் கை துடிக்கும். கரைவலைக்குப் போகும் வள்ளம் தனியாக விலகிப்போகிற அந்தப் பத்து நிமிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெட்றிக் கோட்டை வாசலைச் சட்டமாக வைத்து உள்ளே மான்களை வரைவது பார்க்க நன்றாக இருக்கும், இரண்டாவது முறை சலித்துவிடும். சுவாமிமலைப் பாறையில் செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டுக்கு நிமிர்ந்த தாள்தான் வேண்டும், கிடைத்தாளில் அந்த ஆழம் வராது.

நாளைக்கே கரைவலை வரையப் போகிறவருக்கு என் தெரிவு இது. தெற்குப் பார்த்து உட்காருங்கள். காலை வெயில் இடப்பக்கமிருந்து ஆட்களின் நெஞ்சில் விழும். தாளைக் கிடையாக வைத்து அடிவானத்தை மேலே ஏற்றுங்கள், மணலுக்கு இடம் வேண்டும். முதலில் கயிறு, ஒரே கோடாக, விளிம்பில் அறுந்துபோகாமல் மிதவைகள் வரை. அப்புறம் அதற்கு எதிராகச் சாயும் உடம்புகள். சுவாமிமலைக்கு இடம் மிஞ்சினால் கடைசியில் மெல்லிய சாம்பலில் போடலாம்.