ஸ்ரீகாந்த் திவாரி: பேச்சில் கெட்டிக்காரர், சட்டத்தில் சலுகை பெற்றவர்

‘தி ஃபேமிலி மேன்’ என்ற இந்தி வெப் தொடரின் நாயகன் ஸ்ரீகாந்த் திவாரிக்குத் துப்பாக்கி பிடிப்பதைவிடப் பொய் சொல்வது நன்றாக வரும். வீட்டைப் பொறுத்தவரை அவர் ஃபைல் பார்க்கும் அரசு ஊழியர். வெளியே, என்.ஐ.ஏ.வின் (தேசியப் புலனாய்வு முகமை) கீழ் இயங்குவதாகக் கற்பனை செய்யப்பட்ட ‘டாஸ்க்’ பிரிவின் அதிகாரி. மகனைச் சமாளிக்கும் அதே குரலில்தான் சந்தேக நபரிடமும் பேசுகிறார். மனோஜ் பாஜ்பாய் அந்த இரண்டுக்கும் இடையே குரலை மாற்றாமலே நடித்திருப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் பலம். தகவல் சேகரிக்கும் வேலையில் முக்கால்வாசி பேச்சுக் கொடுத்து வாங்குவதுதான். முதல் சீசனில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் சந்தேக நபர் மூசாவிடம் அவர் நைசாகப் பேசும் காட்சிகளைக் கவனியுங்கள். மிரட்டல் இல்லை, அவசரம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் யார் யாரை எடைபோடுகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கும்.

இடறும் இடம் அலுவலக நடைமுறை. நிஜத்தில் ஐ.பி. (மத்திய உளவுத்துறை) தகவல் திரட்டும், ஆனால் அதற்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. 26/11 மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 சட்டத்தால் உருவான என்.ஐ.ஏ. அடிப்படையில் புலனாய்வு அமைப்பு. வழக்குப் பதிவு, விசாரணை, குற்றப்பத்திரிகை என்று போகும். களத்தில் இறங்கிச் சுட வேண்டுமென்றால் மாநில போலீஸ் அல்லது என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள். தகவல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் வழியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். டாஸ்க் இந்த மூன்று வேலையையும் ஒரே கூரைக்குள் வைத்துக்கொள்வதால் கதைக்கு வேகம் கிடைக்கிறது, அந்தப் பதற்றம் போய்விடுகிறது.

போன் ஒட்டுக்கேட்பும் அப்படித்தான். திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் நாலு தட்டு தட்டினால் லைன் கிடைத்துவிடுகிறது. முதல் இரண்டு சீசன்களும் வந்த காலத்தில் நடப்பிலிருந்தது தந்திச் சட்ட விதி 419ஏ. அதன்படி உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள்தான். அவசரத்துக்கு முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்க வழியுண்டு, ஆனால் ஏழு வேலை நாளுக்குள் வாங்கியாக வேண்டும். அந்த ஏழு நாளை வைத்தே ஒரு முழு எபிசோட் எடுத்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, இரண்டாவது சீசனின் செல்லம் சார் விஷயத்தில் தொடர் கச்சிதம். ஓய்வுபெற்ற அதிகாரி, உதய் மகேஷ் நடித்திருக்கிறார். பேசி முடித்ததும் போனை உடைத்துவிடுவார். மீம் போட்டுச் சிரித்தோம், ஆனால் அதில் அர்த்தம் இருக்கிறது. சிம்மை மட்டும் மாற்றினால் பயனில்லை. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் பழைய சிம்மையும் புதிய சிம்மையும் ஒரே கையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். புது சிம்மைப் பழைய போனில் ஒரே ஒரு முறை போட்டாலும் போதும், கதை முடிந்தது. ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தூக்கியெறிய வேண்டும். நடந்து முடிந்த அழைப்பை மட்டும் எந்தச் சுத்தியலும் அழிக்காது. எந்த எண், எந்த டவர், எத்தனை நொடி என்ற பதிவு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருக்கும். 2021 டிசம்பர் முதல் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எதிர்முனையில் இருப்பவர் தன் வழக்கமான எண்ணிலிருந்து பேசினால், அந்தப் பக்கத்திலிருந்தே நூல் பிடித்துவிடலாம்.

அதே சீசனில், டாஸ்க்கை விட்டுவிட்டு ஸ்ரீகாந்த் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனிப் பகுதி சின்னதுதான், ஆனால் ஆளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. வயதில் சிறிய மேனேஜர் ‘மினிமம் கை’ (ஒப்புக்கு வேலை பார்ப்பவர்) என்று பாடம் நடத்த, ஸ்ரீகாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிடைத்த நேரத்தில் டாஸ்க் சகா தல்பாடேவுக்குப் போன் போட்டு ஆபரேஷன் என்னவாயிற்று என்று கேட்கிறார். கடைசியில் விழும் அறைக்கு விசில் பறந்தது. நமக்குப் பிடித்தது அந்த போன் அழைப்புகள். வேலையை விட்டவர், வேலை இவரை விடவில்லை.

இந்த சீசனின் சென்னைக் கதையில் பெரிய குறை, ஈழப் போராளியாக வரும் ராஜி. சமந்தா உடல்மொழியில் உழைத்திருக்கிறார், சண்டைக் காட்சிகள் நம்பும்படி இருக்கின்றன. ஆனால் முகத்தில் பூசிய கருப்பு உறுத்துகிறது, ஈழத்துப் பேச்சு காட்சிக்குக் காட்சி கூடிக் குறைகிறது. ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுவதாகச் சொல்லி 2021 மே மாதம் தமிழக அரசே தடை கேட்டு ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது, ஜூன் 4-ல் திட்டமிட்டபடி வெளியானது. ஸ்ரீகாந்தைச் சென்னையில் காப்பாற்றுவது உள்ளூர் அதிகாரிகளான முத்துப்பாண்டியனும் உமையாளும். ரவீந்திர விஜயும் தேவதர்ஷினியும் அலட்டாமல் செய்திருக்கிறார்கள். ஊர் தெரிந்தவன் இல்லாமல் வெளியூர் அதிகாரியால் ஒரு தெருவைக்கூடப் படிக்க முடியாது என்பது அங்கே சொல்லாமலே வந்துவிடுகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: இந்தி ஆடியோவில் சப்டைட்டிலோடு பாருங்கள். இரண்டாவது சீசனில் கணிசமான வசனம் எப்படியும் தமிழ்தான். முழுத் தமிழ் டப்பிங்கில் எல்லோரும் ஒரே மொழி பேசிவிட்டால், தமிழ் தெரியாமல் ஸ்ரீகாந்தும் தல்பாடேவும் முழிப்பதில் உள்ள ருசி போய்விடும். முதல் சீசன் 10 எபிசோட், இரண்டாவது 9. முதலாவது அந்தரத்தில் நிற்பதால் இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். 2025 நவம்பரில் வந்த மூன்றாவதில் 7-தான், அதுவும் பாதியில் தொங்குகிறது. அடுத்தது வரும்வரை அதைத் தள்ளி வைத்தாலும் நஷ்டமில்லை.