தீசிஸை டிடிபி கடையில் கொடுக்கப் போகிறீர்களா? 268 பக்கம் 341 ஆன கதையைக் கேளுங்கள்

பகுதி நேரமாக பி.எச்டி. பண்ணும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம், வீடு, விடைத்தாள் திருத்தம் என்று ஓடிக்கொண்டே ஆறு வருஷம் இழுத்துப்பிடித்து முடித்த ஆய்வேட்டைக் கடைசிப் பத்து நாளில் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருவோமே, அந்தப் பத்து நாளில்தான் நான் ஏமாந்தேன்.

என் ஆய்வு திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. முழுவதையும் நானே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறையில் அடித்திருந்தேன், 268 பக்கம். பொருளடக்கம் போடுவது, முன்பக்கங்களுக்கு ரோமன் எண், பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடுவது, இதெல்லாம்தான் எனக்குப் பிடிபடவில்லை. மதுரை டவுனுக்குள் ஒரு கடையைச் சொன்னார்கள். பெயர் வேண்டாம், இதே வேலையை இன்னும் நாலு கடை செய்கிறது.

"பைலை மட்டும் குடுத்துட்டுப் போங்க டீச்சர். பக்கத்துக்கு 30 ரூபா. பிளேஜியரிசம் ரிப்போர்ட்டும் ஜீரோ வர்ற மாதிரி பண்ணிடுவோம்" என்றார் கடைக்காரர். பிளேஜியரிசம் ரிப்போர்ட் என்பது வேறு எழுத்துகளோடு நம் எழுத்து எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் கணக்கு. பாடல்கள் நிறைய இருப்பதால் அந்த ஒப்புமைச் சதவீதம் ஏறிவிடும் என்று பயமும் காட்டினார். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன். ஆய்வேட்டில் பாதி ஒப்பாரி மேற்கோளாக இருக்கும்போது எப்படி ஜீரோ வரும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் வாரம். கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது, போனும் எடுக்கவில்லை. நாலாம் நாள் போனால் ஐந்து பிரதியும் பைண்டாகி, தங்க எழுத்து மின்ன மேஜை மேல் இருக்கிறது. பில் 341 பக்கத்துக்கு 10,230 ரூபாய், பைண்டிங் 2,250. "ரூல்படி செட் பண்ணா பக்கம் கூடத்தான் செய்யும் டீச்சர்" என்றார். ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து என் பழைய பிரிண்டையும் அதையும் பக்கத்தில் வைத்து வரியை எண்ணினேன். என் பக்கத்தில் 26 வரி. அவர்கள் பக்கத்தில் 20. வரி இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் காலி இடம் விட்டு, பாட்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனியாக இடைவெளி கொடுத்திருந்தார்கள். பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் பக்க அமைப்பைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

பொருளடக்கம் இன்னும் மோசம். கையாலேயே புள்ளி புள்ளியாக அடித்து, பக்கம் நீட்டுவதற்கு முன் இருந்த எண்களை அப்படியே விட்டிருந்தார்கள். நான்காம் இயல் 131 என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் 167.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மறுநாள் பல்கலைக்கழக நூலகத்தில் சிடியைக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா பிடிஎப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் "தமிழ்" என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. தமிழ்த்துறை ஆய்வேட்டில் தமிழ் என்ற சொல்லே இல்லை! ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிக் காட்டினார். தமிழ் என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. என் யூனிகோடு பைலை பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு அது வெறும் உளறல், ஜீரோ வராமல் என்ன செய்யும்? "இதை சோத்கங்காவில் ஏற்றினால் யாருக்கும்மா பயன்படும்?" என்று, ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியத்தைச் சொல்லிக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை கிடையாது. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கிலேயே சேராது. ஆக, அந்த பயமே வீண்.

கடைக்குத் திரும்பினால், யூனிகோடாக்கப் பக்கத்துக்கு இன்னும் 10 ரூபாய். நான் கொடுத்ததே யூனிகோடுதானே என்றேன். "எங்க ஆபரேட்டர் பாமினியிலதான் அடிப்பாரு" என்றார். 3,410 ரூபாய் அழுதேன். ஒரு கன்வெர்ட்டரில் மொத்தமாகப் போட்டுத் தந்தார்கள். அது தமிழையும் ஆங்கிலத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. துணைநூற்பட்டியலில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்த இடமெல்லாம் "ஆயனசயள". பாட்டி "வந்தாக" என்று பாடியதை ஆபரேட்டர் "வந்தார்கள்" என்று வேறு திருத்தி வைத்திருந்தார். வேர்ட் பைலைக் கேட்டேன், "ஒர்க்கிங் பைல் யாருக்கும் தர்றதில்ல" என்று முடித்துவிட்டார்.

நல்லவேளை, என் பழைய பைல் மெயிலில் கிடந்தது. எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் சார் இரண்டு இரவு கூட உட்கார்ந்தார். தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்துவிட்டால் வேர்டே பொருளடக்கத்தைப் போட்டுவிடுகிறது, பக்கம் மாறினால் அப்டேட் கொடுத்தால் போதும். முதல் இயலுக்கு முன்னால் செக்‌ஷன் பிரேக் வைத்து, முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பை எடுத்துவிட்டால் ரோமன் எண் தனி, சாதா எண் தனி. இதற்கா பத்தாயிரம் என்று வயிறு எரிந்தது.

அப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், பக்கக் கணக்கில் பேசாமல் மொத்தமாகப் பேசுங்கள். வேர்ட் பைலும் கைக்கு வர வேண்டும் என்று அட்வான்ஸ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பைண்டிங்குக்கு முன் பிடிஎப்பை வாங்கி, அந்த அம்மா செய்தது போல "தமிழ்" என்று தேடிப் பாருங்கள். வராவிட்டால் பைண்டிங்குக்கு விடாதீர்கள்.

துணைநூற்பட்டியலில் நெறியாளர் பேனாவால் போட்ட திருத்தங்களைக் கடையில்தான் அடித்துச் சேர்த்திருந்தார்கள். அவை கடை மாற்றித் தந்த பிடிஎப்பில் மட்டும் இருந்ததால், அந்தப் பகுதியை அதிலிருந்துதான் எடுத்து ஒட்டினேன். கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்தேன். ஒன்று தப்பிவிட்டது. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்த ஆயனசயள எந்தப் பக்கம்மா இருக்கு, உசிலம்பட்டி தாண்டியா?"