வீடு விற்கத் தயார் செய்யும் சேவை: கழுவுவதற்குப் பணம் கொடுங்கள், சோபாவுக்கு வேண்டாம்

ஹோம் ஸ்டேஜிங் என்று கோலாலம்பூர் கொண்டோக்காரர்கள் பேசிக்கொண்டிருந்த சமாச்சாரம் இப்போது பேராக்கில் எங்கள் சின்ன ஊரான சுங்கை சிப்புட் வரைக்கும் வந்துவிட்டது. விற்கப் போகிற வீட்டைக் கழுவி, பெயிண்ட் அடித்து, வேண்டாத சாமானை அப்புறப்படுத்தி, வேண்டியதை வாடகைக்குக் கொண்டுவந்து போட்டு, படம் பிடித்துக் கொடுப்பார்கள். ஈப்போவிலிருந்து வந்து இந்த வேலையைச் செய்கிற ஒரு சின்னக் குழுவை அம்மா வீட்டுக்கு வைத்துப் பார்த்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. அவசரக்காரர்களுக்கு: கழுவும் வேலை முதல் தரம், பெயிண்ட் வேலை சுமார், வாடகைச் சோபா தண்டச் செலவு.

வீடு, அப்பா ஈபிஎப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தை எடுத்து வாங்கிய ஒரு மாடி வரிசை வீடு. மூன்று அறை, பின்னால் இழுத்துக் கட்டிய சமையல்கட்டு. இந்தத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறியவர்கள். அதனால் எந்த வீட்டுக்குள் போனாலும் முப்பது வருஷச் சாமான் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி வாங்கிய பிளாஸ்டிக் பூ, காலி பிஸ்கட் டின், பிள்ளைகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கோப்பை, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம், ஓடாத தையல் மிஷின். எதையும் தூக்கிப் போட மனசு வராது. நாங்கள் சொன்னால் சண்டைக்கு வரும் அம்மா, வெளியாள் வந்து தன்மையாகச் சொன்னதும் கேட்டுக்கொண்டார். இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பதில் பாதி நியாயம் அதுதான் என்பேன்.

கழுவ வந்த இரண்டு பெண்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். சமையல்கட்டு ஜன்னலில் பழைய மாதிரிக் கண்ணாடிப் பட்டைகள் உண்டு இல்லையா, அதை மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, சூடு தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊறப்போட்டு, வருஷக்கணக்கில் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கை ஒரு பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்து, காயவைத்துத் திரும்ப மாட்டினார்கள். சமையல்கட்டுக்கு அவ்வளவு வெளிச்சம் வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் இருந்த ஓடுகள் மஞ்சள் இல்லையாம், வெள்ளையாம். குளியலறைச் சிமெண்ட் தொட்டி, கதவுக்கு மேல் ஒட்டடை, வாசல் கிரில்லின் இடுக்கு, பின்பக்க லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) என்று எதையும் விடவில்லை. கருவாட்டு வாசனைகூடப் போய்விட்டது. நான் அது சுவரிலேயே ஊறிவிட்டது என்று விட்டிருந்தேன், திரைச்சீலையில்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் சாமி மேடை. இந்த இடத்தில் சில பேருக்குக் கோபம் வரலாம். வீடு பார்க்க வருபவர் மலாய் ஆசிரியராக இருக்கலாம், சீனக் கடைக்காரராக இருக்கலாம், நம் ஆளாகவும் இருக்கலாம், அதனால் மேடையை ஹாலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. குழுவை நடத்துகிற பெண் கெட்டிக்காரி, “அம்மா, சாமி மேடைய நாங்க தொட மாட்டோம். நீங்களே வெளக்கேத்திக் கும்பிட்டு, ஒங்க கையால எடுத்து உள்ள வைங்க. மேலே கரியா இருக்கு பாருங்க, அத மட்டும் நாங்க பாத்துக்கறோம்” என்றார். மேலே பார்த்தால், கற்பூரமும் சாம்பிராணியும் பட்டுப் பட்டு சீலிங்கில் ஒரு தட்டு அளவுக்குக் கருவட்டம். தினமும் அதன் கீழே நின்று கும்பிட்டவர்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மாரியம்மன் படம் அம்மாவின் அறை அலமாரிக்குப் போனது. மாலை போட்ட அப்பாவின் படத்தையும் எடுக்கச் சொன்னார்கள், அதற்கு மட்டும் அம்மா அசையவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி குறை. முன்னறை சீலிங்கில் மழைநீர் ஒழுகிய பழுப்புக் கறை ஒன்று இருந்தது. பெயிண்ட் அடித்த ஆள் “ரெண்டு கோட்டு அடிச்சா மறைஞ்சிடும்ணே” என்றார். மறைந்தது. அந்த வாரமே சாயங்கால மழை ஒன்று பிடித்துக்கொண்டதும் அதே இடத்தில் அதே கறை, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பழுப்பாக, வெளியே வந்து நின்றது. தண்ணீர்க் கறையும் கரியும் சாதாரண எமல்ஷன் பெயிண்டை ஊடுருவி வரும். ஒழுகலை முதலில் நிறுத்தி, கறையைத் தடுக்கிற சீலர் ஒரு கோட் அடித்து, அதற்கு மேல்தான் வெள்ளை போட வேண்டும். சாமி மேடைக் கரிக்கு இதே ஆள் சீலர் அடித்திருக்கிறார்! இங்கே ஏன் அடிக்கவில்லை என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. கூரை ஓடு மாற்ற வேறு ஆளை நாங்களே தேடினோம். திரும்ப அடித்ததற்கும் பணம் கேட்டார்கள், நான் கொடுக்க மாட்டேன் என்றதும் விட்டுவிட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகலை மறைத்து விற்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால், நம் ஊர் மழை காட்டிக்கொடுத்துவிடும்.

சோபா விஷயத்துக்கு வருகிறேன். கழுவுதல், பெயிண்ட், படம் எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி (ரிங்கிட்), பெயிண்ட் டின் தனி. அதில் எனக்குக் குறை இல்லை. வாடகைச் சாமான் மாதம் 650 வெள்ளி, குறைந்தது இரண்டு மாதம் எடுக்க வேண்டும், முன்பணம் வேறு. சாம்பல் நிறச் சோபா, கண்ணாடி மேசை, காய்ந்த புல் செருகிய ஜாடி, சுவரில் இங்கிலீஷில் ஏதோ வாசகம். அம்மா அந்தச் சோபாவில் உட்காரவே மாட்டார், தரையில் பாய் போட்டுத்தான் டிவி பார்த்தார். வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் தெரியுமா? ஒரு சீனப் பெரியவர் நுழைந்ததும் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார், நேராகப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார், கழிவறையில் ஃப்ளஷ் அடித்தார், மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார், போய்விட்டார். நம் ஆட்கள் வாசல் எந்தத் திசை, சமையல்கட்டு எந்த மூலை என்று கேட்டார்கள். ஒரு மலாய்க் குடும்பம் கார் போர்ச்சில் இரண்டு கார் நிற்குமா என்று அளந்தது. சோபாவை விசாரித்தவர் ஒரே ஒரு அம்மாதான், அவரும் அது விலைக்குக் கிடைக்குமா என்றுதான் கேட்டார். பட்டணத்துக் காலி கொண்டோவுக்கு இது ஒருவேளை வேலை செய்யலாம். இங்கே வீடு கைமாற மாதக்கணக்கில் ஆகும்போது, வாடகைதான் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மாதம் முடிந்ததும் ஏற்றி அனுப்பிவிட்டு அம்மாவின் பிரம்பு நாற்காலிகளையே திரும்பப் போட்டோம், வீட்டை வாங்கியவர் வந்து உட்கார்ந்தது அதில்தான்.

படங்கள் நன்றாகவே இருந்தன. காலை வெயிலில் எல்லாக் கதவையும் திறந்து வைத்து, காரை வெளியே நிறுத்திவிட்டு, துணிக்கொடியைக் கழற்றிவிட்டு எடுத்தார்கள். ஆனால் அந்த அகல லென்ஸ் கொஞ்சம் ஓவர். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் மூன்றாவது அறை படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது, நேரில் வந்தவர்கள் “இதுதானா அந்த ரூம்?” என்று கேட்கும்போது எங்களுக்குத்தான் கூச்சம். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கைப்பேசியில் எடுத்த ஒன்றைப் போட்டோம்.

வீட்டின் மதிப்பு உயரும் என்று இவர்கள் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். வாங்குபவர் மனசில் உயரலாம், வங்கியில் அல்ல. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நிலத்தின் அளவு, கட்டட அளவு, வீட்டின் நிலை, பக்கத்தில் அண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். பேசிய விலை, மதிப்பீடு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன். 90 விழுக்காடு கிடைத்தாலும் மிச்சத்தை வாங்குபவர் கையிலிருந்துதான் போட வேண்டும். ஆசைப்பட்டு 20,000 ஏற்றிச் சொன்னால் அந்த 20,000 அவருடைய பாக்கெட்டில் போய் இடிக்கும், ஆள் பின்வாங்கிவிடுவார். சுத்தமான வீடு சீக்கிரம் போகும், கேட்கிற விலையை ரொம்ப அடித்துக் குறைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட் கமிஷன் வேறு இருக்கிறது, அதிகபட்சம் 3 விழுக்காடு, மேலே சேவை வரி. வீடு விற்ற லாபத்துக்கான வரி, ஆர்பிஜிடி, எங்களுக்கு வரவில்லை, குடிமக்கள் வாங்கிய ஆறாவது வருஷத்திலிருந்து விற்றால் வரி கிடையாது. ஆனால் வரிப் படிவம் அனுப்பத்தான் வேண்டும்.

எதிர்பாராமல் பிடித்துப்போன ஒரு சின்ன விஷயம்: கிரான் (நிலப் பட்டா), நில வரி ரசீது, கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றையும் அம்மாவின் பிஸ்கட் டின்களிலிருந்து தேடி எடுத்து, ஒரே ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். வக்கீல் கேட்டபோது அலையவில்லை.

கூப்பிடுவதென்றால் ஒழுகலையும் மின்கம்பியையும் நீங்களே சரி பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், சாமான் வாடகையை விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், முடியாது என்று இழுப்பார்கள், கடைசியில் எடுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் வேண்டாம். அப்போது பெயிண்ட் ஆள் தாமான் முழுக்க ஓடிக்கொண்டிருப்பார், உங்கள் வீட்டில் ஏணியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார்.