வளரும் பிள்ளைக்கு "நிரந்தரப் பல்" வைக்கலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

என் மகளுக்குப் பிறவியிலேயே மூன்று நிலைப்பற்கள் (பால்பல் விழுந்த பிறகு முளைக்கும் பற்கள்) இல்லை. மேலே முன்பற்களுக்கு இருபுறமும் வரவேண்டிய இரண்டு, கீழே கடைவாய்க்கு முந்தைய பல் ஒன்று. எக்ஸ்ரேயில் அவற்றின் முளையே தெரியவில்லை.

அவளுக்கு 11 வயதானபோது நாங்கள் போன கிளினிக்கில், "இம்பிளான்ட் வைத்துவிடலாம், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றார்கள். தாடை எலும்பில் ஒரு திருகைப் பதித்து, அதன்மேல் பல் வடிவக் கேப் மாட்டுவதுதான் இம்பிளான்ட். கழற்றி மாட்டும் பல்செட் போதாதா என்று கேட்டேன். "அதை எத்தனை தடவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்?" என்று மடக்கினார் மருத்துவர். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு மேலே இரண்டு வைத்தார். கீழே ஆடாமல் அசையாமல் இருந்த பால்பல்லைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் ஒன்று.

இரண்டே வருடத்தில், சிரித்தால் அந்த இரண்டு பற்கள் மட்டும் குட்டையாக மேலே ஏறி நின்றன. கிளினிக்கில் கேட்டால், கேப் மாற்றினால் சரியாகிவிடும் என்று மறுபடி பணம் கேட்டார்கள்.

வேறொரு மருத்துவர்தான் விளக்கினார். இயற்கையான பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தாடை வளர வளர அந்தப் பல்லும் கூடவே நகர்ந்து வரும். இம்பிளான்ட் எலும்போடு நேராக ஒட்டிப்போவதால் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். ஆக, பல் ஏறவில்லை, என் மகளின் முகம் வளர்ந்திருக்கிறது. வளர்ச்சி நின்ற பிறகுதான், அதையும் சில மாத இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான், இம்பிளான்டைப் பற்றிப் பேசவே வேண்டுமாம். ஒரு பல்லுக்குக்கூட முளையே இல்லாமல் பிறக்கும் சில குழந்தைகளுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதியில் முன்கூட்டியே வைப்பதுண்டு. அது வேறு விஷயம், என் மகள் அந்த நிலையில் இல்லவே இல்லை.

அதுவரை கழற்றி மாட்டும் பல்செட்தான். வளர்ச்சிக்கு ஏற்ப அதைச் சரிசெய்வதும் புதிதாகச் செய்வதும்தான் சிகிச்சையே. அதைத்தான் அந்தக் கிளினிக்கில் ஏதோ குறைபோலச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். என்னால் மன்னிக்கவே முடியாதது அந்தப் பால்பல்தான். அடியில் நிலைப்பல் இல்லாவிட்டாலும் வேர் கரையாத பால்பல் பல வருடம் தாக்குப்பிடிக்கும், அந்த இடத்து எலும்பையும் காப்பாற்றும். பிடுங்கும்முன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

இப்போது அந்த இம்பிளான்டுகளை என்ன செய்வது என்று முடிவெடுக்க, எந்தக் கம்பெனி, என்ன அளவு என்ற விவரம் புது மருத்துவருக்குத் தேவைப்படுகிறது. நான்கு முறை போய்க் கேட்டுவிட்டேன், தரவில்லை. உங்கள் பிள்ளைக்கு எது செய்தாலும் எக்ஸ்ரே நகலையும் இந்த விவரங்களையும் அன்றைக்கே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.