பழைய வீட்டு வயரிங்: நாள் கூலியா, பாயிண்ட் கணக்கா, பார்த்துச் சொல்வதற்கே கூலியா?

செங்கோட்டையில் ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும். குற்றாலத்துக்கு அது சீசன். எங்கள் வீட்டுக்கோ ஷாக் அடிக்கும் பருவம். 1961-இல் தாத்தா கட்டிய வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் மட்டப்பா, நடுவில் மச்சு. மழை நாளில் அடுப்படிச் சுவரில் கை வைத்தபடி சுவிட்சைத் தட்டினால் முழங்கை வரை சுருக்கென்று ஏறும். பங்குனியில் அதே சுவரில் சாய்ந்து நின்று தேங்காய் துருவலாம், ஒன்றும் ஆகாது.

இதைச் சரிசெய்ய மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் ஒரு நாள் கூலி 900 ரூபாய் என்றார். இன்னொருவர் மொத்தம் 78,700 என்று தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. வந்து பார்ப்பதற்கு மட்டும் 1,000 ரூபாய் கேட்டார். எது நியாயமான கூலி என்று அந்த மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியவில்லை.

ஆளைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டிய, காசில்லாத வேலை ஒன்று உண்டு. விளக்குகள் திடீரென்று பிரகாசமாகி மங்கினால் பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேளுங்கள். அங்கும் அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் கம்பத்தில்தான், நியூட்ரல் தளர்ந்திருக்கும். அது மின்வாரியத்தின் பொறுப்பு. அதன் புகார் மையமான மின்னகத்துக்கு ஒரு போன் போதும். மீட்டரைத் தாண்டி உள்ளே இருப்பதுதான் நம் செலவு.

முதலாமவர் எங்கள் தெருக்காரர். அம்மாவை அத்தை என்று அழைப்பார். கூப்பிட்ட அரை மணியில் சைக்கிளில் வந்து நிற்பார். கருகிய சுவிட்ச், சுற்றாத மின்விசிறி, தேய்ந்த பிளக், இதற்கெல்லாம் இவரை விட்டு வேறு யாரையும் கூப்பிடுவது வீண்செலவு. ஆனால் எங்கே என்று தெரியாத கசிவைத் தேடும்போது நாள் கூலி முறை காலை வாரிவிடும். இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்தார். பீங்கான் கட்டை ஃபியூஸை எடுத்துவிட்டு, பளு கூடினால் தானே விழும் எம்.சி.பி. போட்டார், அடுப்படி சுவிட்சுகளை மாற்றினார். பொருளும் கூலியுமாக 4,700 ரூபாய். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த அன்று எல்லாம் சரியாக இருந்தது. ஆடியில் மறுபடி சுருக்.

அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன், 30 மில்லி ஆம்பியர். அது மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தரம் விழுந்தது. பொருள் சரியில்லை என்று சொல்லி, அதன் இரு பக்க வயர்களையும் நேராக இணைத்து, பெட்டியை மட்டும் அழகுக்கு விட்டுப் போனார். பொருள் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் கசிவு இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, நாங்கள் அதன் வாயை அடைத்தோம். இதற்கும் 300 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாமவர் தென்காசி ஒப்பந்ததாரர். கால் மணி நேரம் அறை அறையாக நடந்து, விளக்கு, விசிறி, பிளக் ஒவ்வொன்றையும் ஒரு பாயிண்டாக வைத்து 46 பாயிண்ட் என்று எண்ணினார். பொருளோடு சேர்த்துப் பாயிண்டுக்கு 1,450 வீதம் 66,700. மெயின் போர்டுக்கும் எர்த்துக்கும் 12,000. வீடு முழுக்கப் பழைய வயரைக் கழற்றிவிட்டு பி.வி.சி. குழாய், புது வயர். கேட்க நிம்மதியாக இருந்தது. அந்தத் தாளை இரவில் மறுபடி படித்தபோதுதான் கேள்விகள் வந்தன.

பாயிண்ட் என்பது என்ன? மச்சுப் படிக்கு விளக்கு ஒன்றுதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். அவர் கணக்கில் அது இரண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, டூவே வேலைக்கு வயரும் கூடும், நேரமும் கூடும். ஆனால் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் வயரில் முடிகிற பிளக்குக்கும் அதே 1,450. என்ன வயர், எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று ஒரு சொல் இல்லை. விளக்குக்கு ஒன்றோ ஒன்றரையோ போதும், பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நான்கு என்பது பொதுவாக ஓடும் கணக்கு. காடி வெட்டிய சுவரைப் பூசி வெள்ளையடிப்பது யார்? கேட்டேன். அது கொத்தனார் வேலை, நம்முடையதல்ல என்றார். ரசீது வேண்டுமென்றால் 18 சதவீத வரியும் தனி.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாயிண்ட் கணக்கில் வேலை இழுத்தால் நஷ்டம் அவருக்கு. நாள் கூலியில் இழுத்தால் நஷ்டம் நமக்கு. அந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் 1,450-க்குள் வைத்திருக்கிறார். எனக்கு உறுத்தியது வேறு. எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலே எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்.

மூன்றாமவர் கேரளத்துப் புனலூர்க்காரர், என் மைத்துனர் வழியாக வந்தவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டால் கூலி கட்டுப்படியாகாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அது வெறும் பேச்சும் அல்ல. ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2021-22-க்குக் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 837 ரூபாய் சொச்சம், நாட்டின் சராசரி 373 சொச்சம். தேர்ந்த வயர்மேனுக்கு இன்னும் கூடும். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். இப்போது எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்டினால் கூலி வேறு.

சேட்டன் வந்ததும் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. பல்புகளைக் கழற்றச் சொன்னார், பிளக்குகளைப் பிடுங்கச் சொன்னார், மெயினை அணைத்தார். பையிலிருந்து, வயரின் உறை கசிவைத் தடுக்கிறதா என்று அளக்கும் மெக்கரை எடுத்து 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சோதித்து, மெயின் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பட்டாசால் (கூடம்) 40. முன்னறை 60. அடுப்படி 0.3. மச்சு 0.1. எல்லாம் மெகா ஓம் கணக்கு. ஒன்றுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்றார். வேண்டுமென்றேதான் சாரல் நாளில் வந்தாராம், வெயிலில் சோதித்தால் இந்தச் சுவர் பொய் சொல்லும் என்றார்.

அந்த நான்கு எண்கள்தான் என் 1,000 ரூபாய்க்குக் கிடைத்தவை. பட்டாசாலும் முன்னறையும் 1990-களில் அப்பா குழாய் போட்டுப் புதுப்பித்தவை, தொடவே வேண்டாம். அடுப்படியிலும் மச்சிலும் மட்டும் தாத்தா காலத்துத் தேக்குப் பட்டியும் ரப்பர் உறை வயரும். மச்சில் ஒரு கிளிப்பை நெம்பித் தூக்கியதும் வயரின் உறை கருகிய முறுக்குபோல உதிர்ந்து என் கையில் விழுந்தது. எலி கடித்த இடமும் அங்கேதான். இன்னொன்றையும் காட்டினார். குளியலறையில் 2,000 வாட் ஹீட்டர். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டி வைத்திருந்தோம்.

வேலை நான்கு நாள். அவருக்கு 1,300, உதவியாளுக்கு 1,000, ஆக 9,200. பொருள் நானே வாங்கினேன், 14,600. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டு எடுத்த புது எர்த்தும் அதில் அடக்கம். கொத்தனாருக்கு 2,500. சோதனைக் கூலியோடு மொத்தம் 27,300. பொருளை நாமே வாங்கினால் கடைக் கமிஷன் வேறு பைக்குப் போகாது, வயரில் ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தும் வாங்கலாம். ஆனால் இரண்டாம் நாள் குழாய் வளைவுகள் குறைந்து நான் தென்காசிக்கு ஓடிய நேரத்தில் இருவரும் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். அந்த அரை நாள் கூலியும் என் கணக்கில்தான்.

இவரிடம் ஒரு குறை: மின்பளுவைக் கூட்ட வாரியத்துக்குச் சோதனை அறிக்கை தேவைப்பட்டால் தமிழ்நாட்டு உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். அதற்கு மறுபடி இந்தப் பக்கம்தான் ஆள் தேட வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

தெருக்காரரின் 900-ஐவிட இவருடைய 1,300 அதிகம்தான். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகு கொடுக்கும் நாள் கூலியும் தேடச் சொல்லிக் கொடுக்கும் நாள் கூலியும் ஒன்றல்ல. அந்தச் சாக்பீஸ் எண்களோடு தெருக்காரரையே கூப்பிட்டிருந்தாலும் வேலை நடந்திருக்கும், இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்வீட்டு அண்ணாச்சியும் அதே சேட்டனை வைத்துச் சோதித்தார். அங்கே ஆறு சர்க்யூட்டில் ஐந்து ஒன்றுக்குக் கீழே. அப்படிப்பட்ட வீட்டில் நாள் கூலி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தென்காசி ஒப்பந்ததாரரிடமே கொடுங்கள் என்றேன். வயரின் அளவு, டூவே கணக்கு, சுவர் பூச்சு மூன்றையும் தாளில் எழுதி வாங்கிய பிறகு பாயிண்டுக்கு 1,450 என்பது 1,300 ஆனது. எங்கள் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் அந்த நான்கு எண்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.