ஒரே வயல், இரண்டு பச்சை: கோணத் திருத்தத்துக்கு எந்த வழி?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு புல்தரை. காலை ஒன்பது மணிக்கு வெயில் முதுகில் படும்படி நின்று பார்த்தால் வெளிர்பச்சை. எதிர்ப்பக்கம் போய்ச் சூரியனை நோக்கி நின்றால் அதே புல் கருத்துத் தெரிகிறது. முதல் இடத்தில் நிழல்கள் புல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன; இரண்டாவது இடத்தில் நிழல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

மலேசியாவின் கெடா மாநில நெல்வயல்களைச் செயற்கைக்கோள் படங்களில் கண்காணிப்பது என் வேலை. ஒருமுறை, சில நாள் இடைவெளியில் ஒரு வயல் வாடிவிட்டதாக அறிக்கை எழுதிவிட்டேன். பயிருக்கு ஒன்றுமே இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படமெடுத்துச் செல்லும் அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பட்டையில் அந்த வயல் இருந்தது. ஒருநாள் கிழக்கிலிருந்தும் மறுமுறை மேற்கிலிருந்தும் படமெடுத்திருந்தார்கள். இப்படிக் கோணத்தால் மட்டும் வரும் மாற்றத்தைக் கழிப்பதுதான் கோணத் திருத்தம். அதற்கு எந்த வழி நல்லது?

பயிர் திருப்பும் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிகளை ஒப்பிட்டு அதன் பசுமையைச் சொல்லும் எண் என்டிவிஐ. ‘அது விகிதம்தானே, கோணம் தானாகக் கழிந்துவிடும்’ என்பார்கள். பாதிதான் உண்மை. சிவப்பு ஒளியை இலை விழுங்கிவிடுவதால் அதில் நிழல் கும்மிருட்டு. அண்மை அகச்சிவப்போ இலைக்கு இலை தாவி நிழலுக்குள்ளும் புகுந்துவிடும். இரண்டும் ஒரே அளவில் மாறாதபோது விகிதமும் அசையத்தான் செய்யும்.

ஒரே தடத்துப் படங்களை மட்டும் வைத்துக்கொள்வது காசில்லாத வழி. நம் பக்கத்துக்கு அது எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே பொருந்தும். பூமத்திய ரேகையருகே தடங்கள் மேற்படியும் பட்டை குறுகலானது; பெரும்பாலான வயல்களைக் கோள் எப்போதும் ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. வெயிலும் பெரிதாக மாறுவதில்லை. சென்டினல்-2 கடக்கும் முற்பகல் வேளையில், சிங்கப்பூரில் சூரியன் உச்சியிலிருந்து விலகி நிற்கும் கோணம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 20 முதல் 35 பாகைக்குள்தான். பஞ்சாபில் டிசம்பரில் அது 55 பாகையைத் தாண்டும். அங்கே எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இங்கே மேகம் விடுவதில்லை. மேற்படியும் பட்டையில் உள்ள வயலுக்கு, இருக்கும் படங்களில் பாதியை ஒதுக்கினால் கையில் என்ன மிஞ்சும்?

எனவே அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் சி-காரணி முறை வருகிறது. நேர் கீழாகப் பார்த்தால் எவ்வளவு ஒளி திரும்பும், படமெடுத்த கோணத்தில் எவ்வளவு என்று ஒரு கணித மாதிரி இரண்டு எண்களைக் கணக்கிடும். அவற்றின் விகிதத்தால் படத்தின் எண்ணைப் பெருக்குகிறோம். நெல்லானாலும் செம்பனையானாலும் அந்த மாதிரிக்குக் கொடுக்கும் கெழுக்கள், அதாவது நிலம் ஒளியைத் திருப்பும் விதத்தைக் குறிக்கும் எண்கள், ஒன்றேதான். அது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சென்டினல்-2 நேர் கீழிலிருந்து பத்துப் பாகை அளவுக்கும் லேண்ட்சாட் ஏழரைப் பாகைக்கும்தான் சாய்ந்து பார்க்கின்றன. சிறிய சாய்வில் பிழையும் சிறியதுதான். இரண்டு கோள்களையும் ஒத்திசைத்து நாசா தரும் 30 மீட்டர் படங்களிலும் இதே திருத்தம்தான்.

நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் உணரியின் வழி நுட்பமானது. பதினாறு நாள்களில் பல கோணங்களிலிருந்து பார்த்தவற்றைக் கொண்டு, அந்தந்த இடத்துக்கே உரிய கெழுக்களைக் கணிக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் 500 மீட்டர், அதாவது 25 ஹெக்டேர். அதற்குள் வயல், வாய்க்கால், கம்பத்து (கிராமத்து) வீடுகள் எல்லாம் கலந்துவிடும். பரந்த ஒற்றைப் பயிர் நிலங்களுக்கு அது சரி. சின்ன வயல்காரருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ரேடாருக்கு மாறலாம் என்பவர்களும் உண்டு. 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சிங்கப்பூரின் டெலியோஸ்-2 அந்த வகைதான். வெயிலும் வேண்டாம், மேகமும் தடையில்லை. கோணத் தொல்லை மட்டும் போவதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடாரில், அலை தரையில் வந்து படும் கோணமான படுகோணம் சுமார் 29 முதல் 46 பாகை வரை மாறுகிறது. அதற்கும் தனித் திருத்தம் வேண்டும்.

நான் சி-காரணியில் நிற்கிறேன், ஒரு விலக்குடன். நடவுக்குப் பின் முதல் சில வாரங்கள் வயலில் பயிரைவிடத் தண்ணீரே அதிகம். கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் நீர்ப்பரப்பு அந்த மாதிரியின் கணக்கில் இல்லை. அந்த நாள்களின் படங்களைத் திருத்தாமல், ஒரே தடத்துக்குள் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.